பழைய ராணுவ ரைஃபிளைச் சுத்தம் செய்யும்போது பூச்சைக் கெடுக்கும் தவறுகள்

பழைய ரைஃபிள் கைக்கு வந்ததும் பலருக்கும் அதைப் புதுசு போல ஆக்கிப் பார்க்கத் தோன்றும். பாதித் தவறுகள் அந்த ஆசையில்தான் தொடங்குகின்றன. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் கையில்தான் பழைய பூச்சு தப்பும். (தோட்டா நிற்கும் அறையும் மேகசினும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே மற்ற வேலையெல்லாம்.)

என்ன பூச்சு என்று தெரியாமலே கரைப்பானை எடுப்பது முதல் தவறு. ப்ளூயிங் என்கிற கருநீலம் மேலே தடவிய சாயமில்லை. இரும்பின் மேற்பரப்பே மேக்னடைட் என்ற ஆக்சைடாக மாறியிருக்கிறது. துருவும் இரும்பு ஆக்சைடுதான். ஆகவே வினிகரோ பாஸ்பாரிக் அமிலமோ துருவை மட்டும் தேடிப்பிடித்துத் தின்னாது. ஊறவைத்தால் சாம்பல் நிற வெற்று இரும்புதான் மிஞ்சும். லேசான துருவுக்கு மெல்லிய எண்ணெயை இரவு முழுக்க ஊறவிட்டு, இரும்பைவிட மென்மையான பித்தளைத் துண்டால் மெதுவாகச் சுரண்டினாலே போதும். பார்க்கரைசிங் செய்த பரப்பு வேறு ரகம். அந்தச் சொரசொரப்பான பாஸ்பேட் படலத்தை ஸ்டீல் வுல்லால் தேய்த்தால் அங்கங்கே மினுங்க ஆரம்பிக்கும். அதற்கு எண்ணெயும் நைலான் பிரஷும் போதும்.

கறுப்புப் பெயிண்டைக் கண்டதும், பின்னால் யாரோ அடித்தது என்று உரித்துவிடுகிறவர்களும் உண்டு. பிரிட்டிஷார் பிற்காலத்தில் சன்கோரைட் என்ற கறுப்புப் பெயிண்டைத் தாங்களே அடித்தார்கள். அதுவும் ராணுவப் பூச்சுதான்.

அதிகம் கெடுவது மரக்கட்டைதான். உப்புத்தாள் பட்டால் ஆய்வு முத்திரைகள் மங்கும், விளிம்புகள் உருண்டுபோகும், இரும்போடு சமமாகவோ சற்று மேலேயோ நின்ற மரம் கீழிறங்கிவிடும். அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேயில் காஸ்டிக் சோடா இருக்கும். அது கிரீஸோடு மரத்தின் நாரையும் அரிக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கட்டையைப் போட்டவர்களும் இருக்கிறார்கள், நம்புங்கள். பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் கட்டை ஆளி விதை எண்ணெய் குடித்தது. அழுக்கைத் துடைத்து அதே எண்ணெயைச் சில துளி தேய்த்தால் சரி. (எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.) ரஷ்ய ரைஃபிளான மோசின்-நாகன்ட் கட்டையில் பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு இருக்கும். ஆல்கஹால் பட்டால் கரைந்து வந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய ஜெர்மன் கே98கே ரைஃபிள்களின் கட்டையிலும் அந்த அரக்கைக் காணலாம். பின்னாளில் அங்கே செப்பனிட்டபோது பூசியது. 'ஜெர்மன் தோற்றத்துக்குத் திருப்புகிறேன்' என்று அதைக் கழுவினால் துப்பாக்கி ஜெர்மனிக்குத் திரும்பாது; அது கடந்து வந்த பாதையின் தடம்தான் போகும். நான் என்றால் கை வைக்க மாட்டேன்.

கழற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. லீ-என்ஃபீல்டின் பழைய வகையான எஸ்எம்எல்இயில் முன்கட்டையை எடுக்காமல் பின்கட்டையின் போல்ட்டைத் திருகக் கூடாது. அந்த போல்ட்டின் சதுர முனை முன்கட்டையின் பின்பக்கத்தில் பொருந்தியிருக்கும். திருகினால் மரம் பிளக்கும். திருகின் வெட்டில் இறுகப் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். தலை சிதைந்த திருகு தூரத்திலிருந்தே தெரியும்.

துருப்பிடிக்காமலிருக்கப் பூசும் காஸ்மோலின் கிரீஸ் அப்பியிருந்தால் உலோகத்துக்கு மண்ணெண்ணெய் போதும். மரத்தைத் துணியில் சுற்றி இளவெயிலில் வைத்தால் கிரீஸ் தானே கசியும். சில நாள் பிடிக்கும், அவசரப்படாதீர்கள்.

பழைய ராணுவத் தோட்டாவில் சுட்டிருந்தால் குழலுக்குள் எண்ணெய் மட்டும் விடுவது வீண். அதன் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) விட்டுப்போகும் உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் சுடுநீர், பிறகு நன்றாக உலர்த்தல், அப்புறம் எண்ணெய். எல்லாம் முடிந்ததும் தோல் உறையில் போட்டு மூடிவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.