கறுப்புக் காட்டின் வெந்நீர் நகரங்களைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ரைன் சமவெளியை ஒட்டி, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளத்துக்குப் படர்ந்திருக்கும் மலைக்காட்டை அந்நாட்டவர் ஷ்வார்ட்ஸ்வால்ட், அதாவது கறுப்புக் காடு என்று அழைக்கிறார்கள். பிளாக் ஃபாரஸ்ட் என்ற பெயரைக் கேக் கடையில் மட்டுமே கேட்டிருப்பவர்களுக்கு, ஈராயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் அங்கே வெந்நீர் ஊற்றுகளைத் தேடிப் போய்க்கொண்டிருப்பது புதிய செய்தியாக இருக்கலாம். பெரும்பாலான பயணிகள் இரண்டே நாட்களில் ஏரி, அருவி, குயில் கடிகாரம் என்று ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என் கருத்தில், அப்படிப் பார்ப்பது அந்த நிலப்பகுதிக்குப் பொருந்தாத முறை. ஓர் ஊற்று நகரத்தில் சில இரவுகள் தங்கி, காலையில் மலையேறி, மாலையில் வெந்நீரில் இறங்குவதே அங்கே சரியான முறை.

இதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் வெப்பத்தால் சூடேறி, ரைன் பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள நிலப்பிளவுகளின் வழியாக மீண்டும் மேலே வருகிறது. ஆகவே பாடன்-பாடன், பாடன்வைலர் போன்ற புகழ்பெற்ற ஊற்று நகரங்கள் மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கின்றன. பாட் வில்ட்பாட், பாட் லீபென்செல் போன்றவை உள்ளே குறுகிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஒடுங்கியிருக்கின்றன. ஊர் கீழே இருக்க, காடு தலைக்கு மேலே நிற்கும். ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும் 'பாட்' என்ற ஜெர்மன் சொல்லுக்குக் குளியல் என்று பொருள்; மாநில அரசின் அங்கீகாரம் பெற்ற ஊர்களே அதைச் சூட்டிக்கொள்ள முடியும் என்பதால், வரைபடத்தில் அந்தச் சொல்லைத் தேடினாலே பாதித் திட்டம் தயாராகிவிடும்.

ஒரு வாரம் மட்டுமே கையில் இருப்பவர்கள் வடக்கையும் தெற்கையும் ஒரே பயணத்தில் அடைக்க முயல வேண்டாம். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்கு நேர்க்கோட்டுத் தொலைவு குறைவாகத் தெரிந்தாலும், ரயிலில் போவதானால் பல நேரங்களில் சமவெளிக்கு இறங்கி, வண்டி மாறி, மறுபடியும் மேலே வர வேண்டியிருக்கும். பாடன்-பாடனிலிருந்து பாட் வில்ட்பாட் செல்ல கார்ல்ஸ்ரூ, ஃபோர்ட்ஸ்ஹைம் ஆகிய இரு நகரங்களையும் தொட்டே போக வேண்டும். வடபகுதியைத் தேர்ந்தால் பாடன்-பாடனில் நான்கு இரவுகளும் வில்ட்பாடில் மூன்று இரவுகளும் தங்கலாம். தென்பகுதியைத் தேர்ந்தால் ஃப்ரைபுர்க் அல்லது பாடன்வைலரையே இருப்பிடமாக வைத்துக்கொள்ளலாம்.

தங்கும் இடத்தைப் பதிவு செய்யும்போது இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். இப்பகுதியின் பல ஊர்களில் ஒவ்வோர் இரவுக்கும் கூர்டாக்ஸே எனப்படும் சிறு வரி வாங்குவார்கள். அதைச் செலுத்தும் விருந்தினர்களுக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள ஊர்களில், கோனுஸ் என்னும் விருந்தினர் அட்டை கிடைக்கும். அதைக் காட்டிக் கறுப்புக் காடு முழுவதும் பேருந்துகளிலும் உள்ளூர் ரயில்களிலும் கட்டணமின்றிப் பயணிக்கலாம். அதிவேக ரயில்களுக்கு இது செல்லாது. எல்லா ஊர்களும் இத்திட்டத்தில் இல்லை என்பதால், "கோனுஸ் அட்டை தருவீர்களா?" என்ற ஒரு கேள்வி பயணச் செலவில் கணிசமான தொகையை மிச்சப்படுத்தக்கூடும்.

முதன்முறை செல்பவர்களுக்குப் பாடன்-பாடனையே பரிந்துரைப்பேன். 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐரோப்பாவின் பதினொரு பெரும் ஊற்று நகரங்களுள் இதுவும் ஒன்று. ரயில் நிலையம் நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், இறங்கியதும் பேருந்தில் ஏற வேண்டும். முதல் நாளை ஓஸ் என்ற சிற்றாற்றின் கரையோரமாகச் செல்லும் லிஷ்டென்டாலர் சாலையில் நடப்பதற்கே ஒதுக்கலாம். பழமையான மரங்களின் நிழலில் நடந்தால், 1245-இல் நிறுவப்பட்டு இன்றும் கன்னியர் வாழும் லிஷ்டென்டால் மடம் வரை போய்விடலாம். 1842-இல் கட்டி முடிக்கப்பட்ட டிரிங்க்ஹாலே என்னும் ஊற்றுநீர் மண்டபத்தின் தூண்வரிசைக்குப் பின்னே, இவ்வட்டாரத்தின் பழங்கதைகளைச் சொல்லும் 14 சுவரோவியங்கள் உள்ளன. அதன் அருகிலுள்ள கூர்ஹவுஸ் கட்டடத்தில் இயங்கும் சூதாட்ட மண்டபத்தை, விளையாட விருப்பமில்லாதவர்கள் வழிகாட்டியுடன் முற்பகலில் பார்ப்பதே நல்லது. மாலையில் நுழைய 21 வயதும், கடவுச்சீட்டும், அதற்கேற்ற உடையும் வேண்டும்.

இனி வெந்நீர். பூமிக்கடியிலிருந்து ஏறத்தாழ 68 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வெளிவரும் இந்த நீர், இரண்டு வேறுபட்ட குளியல் இல்லங்களுக்குப் போகிறது. 1985-இல் திறக்கப்பட்ட காரகல்லா தெர்மேயில் நீச்சலுடையுடன் பெரிய குளங்களில் இறங்கலாம். கூச்சமுள்ளவர்கள் அங்கிருந்து தொடங்குவது எளிது. மாடியிலுள்ள நீராவி அறைகளில் மட்டும் ஆடை அணியும் வழக்கமில்லை. 1877-இல் திறக்கப்பட்ட ஃபிரீட்ரிக்ஸ்பாட் முற்றிலும் வேறு உலகம். ரோமானிய, அயர்லாந்துக் குளியல் முறைகளை இணைத்து உருவாக்கப்பட்ட 17 கட்டங்களை, ஆடையின்றி, வரிசை மாறாமல் கடந்து செல்ல வேண்டும்: குளித்தல், வெதுவெதுப்பான காற்றறை, அதைவிடச் சூடான காற்றறை, விரும்பினால் சோப்பும் தூரிகையும் கொண்டு தேய்த்துவிடுதல், நீராவி, படிப்படியாகச் சூடு குறையும் குளங்கள், கடைசியில் 18 டிகிரிக் குளிர்நீரில் ஒரு முழுக்கு. நடுவில் வரும் குவிமாடத்தின் கீழுள்ள வட்டக் குளத்துக்காகவே இந்தக் கட்டடத்துக்குப் போகலாம். அதன்பின் கனத்த போர்வையால் சுற்றிப் படுக்க வைத்துவிடுவார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து நீராடும் நாட்களும் உண்டாகையால், நடைமுறையை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம்.

இங்கே முதலில் சென்றபோது நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நீராடிவிட்டுப் பிற்பகலில் மலையேறலாம் என்று திட்டமிட்டேன். போர்வைக்குள்ளிருந்து எழுந்த பிறகு அடுத்த தெருவரை நடப்பதே பெரும்பாடாயிற்று. மொத்தச் சுற்றுக்கும் மூன்று மணி நேரத்தை ஒதுக்கி, அதன்பின் இரவு உணவைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே விவேகம். இதய நோயாளிகளும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. மற்றவர்களும் சூடான குளத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இருக்காமல், வெளியே வந்து ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் இறங்கலாம். நீராவி அறையில் மரப்பலகை மீது உடல் படாதவாறு துண்டை விரித்து அமர்வதும், பேச்சைக் குறைப்பதும் அங்கே எழுதப்படாத சட்டம். ஊற்றுநீர் கொட்டும் தொட்டியைக் கண்டதும் கையில் ஏந்திக் குடித்துவிடவும் வேண்டாம். 'கைன் டிரிங்க்வாஸர்' என்ற பலகை இருந்தால் அது குடிப்பதற்குரிய நீர் அன்று.

பாடன்-பாடனில் காட்டுக்கு ஏற இரண்டு நல்ல வழிகள் உள்ளன. 668 மீட்டர் உயரமுள்ள மெர்கூர் மலைக்கு, 1913-இல் திறக்கப்பட்ட, கம்பிவடம் இழுக்கும் மலைரயில் செல்கிறது. சில இடங்களில் சரிவு 54 விழுக்காடு. உச்சியிலிருந்து ரைன் சமவெளியும், வானம் தெளிந்திருந்தால் அதற்கப்பால் பிரான்சின் வோஸ்கெஸ் மலைகளும் தெரியும். மற்றொன்று, ஹோஹென்பாடன் என்ற பழைய கோட்டையின் இடிபாடுகளுக்குச் செல்லும் நடைவழி. அங்கே பாழடைந்த மண்டபத்தின் சாளரத்தில் 120 நரம்புகள் கொண்ட காற்றுயாழ் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அது காற்று வீசும்போது தானே ஒலிக்கும். எனக்கு இரண்டாவது வழியே பிடித்தது.

பாட் வில்ட்பாட் இதைவிடச் சிறியது, அமைதியானது, செலவும் குறைந்தது. ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து என்ஸ் ஆற்றை ஒட்டி வரும் ரயில் ஊரின் நடுத்தெருவுக்குள்ளேயே வந்து நிற்கும். 1847-இல் கட்டப்பட்ட பழைய குளியல் இல்லம் இப்போது பலே தெர்மால் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் மூரிய பாணி (ஸ்பெயின், வட ஆப்பிரிக்க இஸ்லாமியக் கட்டடக் கலைப் பாணி) வளைவுகளையும் வண்ண ஓடுகளையும் பார்க்கவே பலர் வருகிறார்கள். உடை விதி பகுதிக்குப் பகுதி வேறுபடும் என்பதால், நுழைவாயிலில் தயங்காமல் கேட்கவும். 1908 முதல் ஓடும் மலைரயிலில் ஸோமர்பெர்க் மேட்டுக்கு ஏறினால், மர உச்சிகளினூடே செல்லும் 1250 மீட்டர் நீள மரப்பாதையும், அதன் முடிவில் 40 மீட்டர் உயரக் கோபுரமும், பள்ளத்தாக்கின் மேல் 380 மீட்டர் நீளத்தில் தொங்கும் பாலமும் காத்திருக்கின்றன. கூட்டம் பிடிக்காதவர்கள் அவற்றைக் காலையிலேயே முடித்துவிட்டு, கால்டென்ப்ரோன் அருகிலுள்ள வில்ட்ஸே சதுப்புக்காட்டின் மரப்பலகைப் பாதையை நோக்கி நடக்கலாம். கரிய நீரும் குட்டைப் பைன் மரங்களுமான அந்த இடத்தில் நின்றால், கறுப்புக் காடு என்ற பெயர் பொருத்தமானதாகவே தோன்றும்.

கார் ஓட்டுபவர்களுக்கு, பாடன்-பாடனையும் ஃப்ராய்டென்ஷ்டாட்டையும் இணைக்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீள மலைச்சாலை ஒருநாள் வேலை. கடல் மட்டத்திலிருந்து 1036 மீட்டர் உயரத்திலுள்ள மும்மெல்ஸே ஏரியின் கரையில் நினைவுப்பொருள் கடைகளின் நெருக்கடியைக் கண்டு பலர் சலித்துத் திரும்புவார்கள்; அங்கிருந்து ஹோர்னிஸ்கிரிண்டே உச்சிக்குக் கொஞ்சம் ஏறிவிட்டால் கூட்டம் மறைந்துவிடும். மேலும் தெற்கே லோதார் பாதை என்ற 800 மீட்டர் நடைவழி உண்டு. 1999 டிசம்பர் 26 அன்று வீசிய லோதார் புயலில் சாய்ந்த மரங்களை அப்படியே விட்டுவிட்டு, காடு தானாக மீள்வதைப் படிகளிலும் பலகைகளிலும் ஏறிப் பார்க்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். சிறுவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. 2014-இல் உருவான தேசியப் பூங்காவின் தகவல் மையம் அருகே ரூஹெஷ்டைனில் இருக்கிறது. பேருந்திலேயே போகிறவர்கள் கடைசி வண்டியின் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். மேலே சில இடங்களில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது.

தெற்கே செல்பவர்கள் பாடன்வைலரைத் தவறவிடக்கூடாது. 1784-இல் கண்டெடுக்கப்பட்ட ரோமானியக் குளியல் இல்லத்தின் எச்சம், இப்போது கண்ணாடிக் கூரையின் கீழ் பாதுகாக்கப்படுகிறது. அதன் அருகிலேயே இன்றைய காஸியோப்பேயா தெர்மே இயங்குவதால், இரண்டையும் ஒரே பிற்பகலில் பார்க்க முடியும். ரஷ்ய எழுத்தாளர் செக்காவ், காசநோய்க்கு நிவாரணம் தேடி வந்து, 1904-இல் இந்த ஊரில்தான் காலமானார். டிட்டிஸே ஏரியும், 163 மீட்டர் தொடர்வீழ்ச்சியுள்ள டிரிபெர்க் அருவியும் தனித்தனி நாளுக்கு உரியவை. டிரிபெர்குக்குக் காரில் செல்லாமல், 1873-இல் முழுமையடைந்த ஷ்வார்ட்ஸ்வால்ட் ரயில் தடத்தில், ஓஃபென்புர்கிலிருந்து செல்வதே இன்பம். ஹோர்ன்பெர்கைத் தாண்டியதும் சுரங்கங்களுக்குள் வளைந்து வளைந்து தடம் ஏறுவதைச் சாளரத்திலிருந்து பார்க்கலாம்.

நடைபாதைகளில் வழி தவறுவது கடினம். 1864-இல் தொடங்கிய கறுப்புக் காட்டுச் சங்கம் எங்கும் அடையாளப் பலகைகளை வைத்திருக்கிறது: மஞ்சள் சாய்சதுரம் உள்ளூர்ப் பாதைக்கு, நீலம் அடுத்தடுத்த பகுதிகளை இணைக்கும் பாதைக்கு, சிவப்புச் சாய்சதுரம் ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரம் வரை செல்லும் மேற்குப் பாதைக்கு. கோடையில் முழுக்கால் சட்டை அணிந்து, திரும்பியதும் உடலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகள் உள்ள பகுதி இது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால், தண்ணீரும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

பருவத்தைப் பொறுத்தவரை, வெந்நீருக்குக் கோடையைவிடக் குளிர்காலமே ஏற்றது. வெளிக்குளத்தில் கழுத்துவரை மூழ்கியிருக்க, தலைமீது பனி விழும் அனுபவம் ஜூலையில் கிடைக்காது. நவம்பரில் இன்னொரு விந்தையும் நிகழும். குளிர்ந்த காற்று சமவெளியில் தேங்கி, அடிவார ஊர்கள் நாட்கணக்கில் மூடுபனிக்குள் கிடக்கும்போது, 1493 மீட்டர் உயர ஃபெல்ட்பெர்க் உச்சியில் வெயில் அடிக்கும். பஞ்சுக்கடல் போன்ற பனிக்கு அப்பால் ஆல்ப்ஸ் மலைத்தொடர் வரிசையாகத் தெரியும். அத்தகைய காலையில், சாளரத்துக்கு வெளியே சாம்பல் நிறத்தைக் கண்டு போர்வையை இழுத்துக்கொள்ளாமல், உச்சியிலுள்ள கேமராவின் நேரடிப் படத்தைக் கைப்பேசியில் ஒருமுறை பார்த்துவிட்டு, முதல் வண்டியிலேயே மேலே ஏறிவிடவும்.