பழைய பத்திரமும் தமிழ் எண்களும்: புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழ் எண்களின்மேல் இப்போது ஒரு புது ஆசை பிறந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் தேதி, கைக்கடிகார முகப்பு, வீட்டு வாசலில் கதவு எண் என்று எங்கு பார்த்தாலும் ௧, ௨, ௩. நல்ல விஷயம்தான். கூடவே, பரணில் கிடக்கும் கொள்ளுத்தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தையும் ஓலையையும் தாங்களே படித்துவிடலாம் என்று இறங்குபவர்களும் பெருகிவிட்டார்கள். கும்பகோணம் பக்கம் பழைய பத்திரமும் கணக்குச் சுவடியும் படித்துச் சொல்வது என் தொழில். அதனால் இவர்கள் செய்யும் தவறுகள் சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வந்து சேர்கின்றன.

௩ எது, ௫ எது என்று குழம்புவது, ௭ மறந்துபோவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நாலு பக்கம் படித்தால் அவை தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை சில உண்டு.

தாளின் உச்சியில் தனியாக நிற்கும் ‘௨’

அது இரண்டு இல்லை. பிள்ளையார் சுழி.

வாலைப் பார்க்காமல் படிப்பது

௧-க்கும் ௯-க்கும் உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ௯-க்கு ஒரு வால் கூடுதல். ௪-க்கும் ௬-க்கும் அதே கதை. புத்தகத்தில் அச்சாகியிருக்கும்போது யாரும் இதில் ஏமாறுவதில்லை. ஆனால் மை வெளுத்த தாளிலும் பூச்சி அரித்த ஓலையிலும் முதலில் போவது இந்த வால்தான். ஒன்பது ஒன்றாகிவிடும், ஆறு நாலாகிவிடும்.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். பத்திரம் எழுதியவர் அதே எண்ணை வேறெங்காவது எழுத்தால் எழுதியிருப்பார், அல்லது வேறொரு கணக்கில் அது மறுபடி வரும். குழி (பழைய நில அளவு) ஒன்றுக்கு இன்ன விலை, மொத்தம் இவ்வளவு என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள். ஆண்டு சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் வருடப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ௲௮௱௯௰௭ என்பது 1897. அதற்கு ஏவிளம்பி என்ற பெயர் பொருந்தும். பெயர் பிரமாதி என்று இருந்தால் நீங்கள் படித்தது தப்பு, அது 1879-ஆக இருக்கலாம். அறுபது வருடப் பெயர்களின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது லென்ஸ் வைத்துக்கொள்வதைவிட உதவும்.

௰-ஐச் சுழியம் என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டும். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் தமிழ் எண் அட்டவணைகளைப் பாருங்கள். ௧ முதல் ௯ வரை இருக்கும், அடுத்து ௰, அப்புறம் ௱, ௲. அத்தோடு சரி. 11 எப்படி, 20 எப்படி, 105 எப்படி என்று ஒரு வரி இருக்காது. படிப்பவர் என்ன செய்வார்? ஒன்பதுக்கு அடுத்து வருவதால், நாம் பள்ளியில் படித்த 0 இருக்கவேண்டிய இடத்தில் ௰-ஐ உட்காரவைத்துவிடுவார். இதில் பெரிய விஷமம், அப்படி நினைத்தாலும் பல இடங்களில் விடை சரியாக வந்துவிடும். ௨௰ என்றால் இருபது, ௩௰ என்றால் முப்பது, ௯௰ என்றால் தொண்ணூறு. ‘பார்த்தீர்களா, கடைசியில் சைபர்’ என்று தைரியம் வந்துவிடுகிறது.

பழைய முறையில் சுழியமும் கிடையாது, இடமதிப்பும் கிடையாது. நாம் வாயால் சொல்வதை அப்படியே எழுதினார்கள். முந்நூற்று நாற்பத்தைந்து என்கிறோம் அல்லவா? மூன்று, நூறு, நான்கு, பத்து, ஐந்து: ௩௱௪௰௫. ௰, ௱, ௲ ஆகியவற்றுக்கு முன்னால் நிற்கும் எண் அதைப் பெருக்கும், பின்னால் வருவது அதனோடு கூடும். முன்னால் ஒன்று வந்தால் எழுதமாட்டார்கள். ‘ஒரு பத்து மூன்று’ என்று நாமும் சொல்வதில்லை, பதின்மூன்று என்கிறோம். ஆகவே ௰௩ 13, ௱௫ 105, ௲௨ 1002. எந்த இடம் காலியோ அதைச் சொல்லவே மாட்டோம், அதனால் எழுதவும் தேவையில்லை. சுழியத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஒருநாள் ஒரு பையன் வந்தான். கையில் கொள்ளுத்தாத்தாவின் கிரயப் பத்திரம். படிக்கத் தெரியாமல் வரவில்லை; தானே படித்து, பெரியப்பா மகன்களுக்கு வக்கீல் நோட்டீசும் அனுப்பிவிட்டு, நான் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கேஸ் கட்டில் வைக்கலாம் என்று வந்திருந்தான். நிலத்தின் அளவு எழுதியிருந்த வரியில் விரலை வைத்தான்: ௨௰௫ குழி.

“ரெண்டு, சைபர், அஞ்சு. இருநூத்தஞ்சு குழி சார்.”

“இருநூத்தஞ்சுன்னா நடுவுல நூறு எங்க தம்பி?”

“நூறு எதுக்கு சார்? அதான் சைபர் இருக்கே.”

தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. 205 குழி என்றால் ஏறத்தாழ 68 சென்ட். அது இருபத்தைந்து குழிதான்; எட்டேகால் சென்ட். மீதி அறுபது சென்டைப் பெரியப்பா வீட்டார் அமுக்கிக்கொண்டார்கள் என்பதுதான் நோட்டீஸ். நான் சொன்னதை அவன் நம்பவில்லை. சரி, இரண்டாம் தாளைத் திருப்பு என்றேன். அங்கே நான்கெல்லைக்குக் கீழே, கிழமேல் அடி ௬௰, தென்வடல் அடி ௬௰ என்று இருந்தது. அதைப் படி என்றதும் அறுபதுக்கு அறுபது என்று சரியாகப் படித்தான், அவனுடைய சைபர் கணக்கிலேயே. பெருக்கினால் 3,600 சதுர அடி. 144-ஆல் வகுத்தால் 25. செல்போனில் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, நோட்டீஸைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டான். வாங்கலாம், அதற்கும் வக்கீலுக்குப் பீஸ் உண்டு. அந்த வருஷம் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு இவர்கள் வீட்டில் யாருக்கும் அழைப்பு இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவன் எழுத நினைத்திருக்கும் 205, பழைய முறையில் ௨௱௫. ஒரே ஒரு குறிதான் வித்தியாசம்.

படிப்பதில்தான் இந்தத் தவறு என்று இல்லை. எழுதுவதிலும் நடக்கிறது, அது இன்னும் கண்ணை உறுத்துகிறது. ஒரு கிராமத்துக் கோயிலில் கும்பாபிஷேகக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்டு 2018. செதுக்கியிருப்பது ௨௰௧௮. பழைய முறையில் இதற்கு அர்த்தமே இல்லை, புது முறையிலும் இல்லை. பழைய முறை என்றால் ௨௲௰௮, இடமதிப்பு முறை என்றால் ௨௦௧௮. சிற்பியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கொடுத்த தாளைப் பார்த்துச் செதுக்கியவர். தாளை எழுதிக் கொடுத்தவர் செதுக்கிய பிறகுதான் ‘ஒரு தடவை பாருங்க’ என்று படம் அனுப்பினார். கருங்கல்லில் என்னத்தை அழிப்பது?

தமிழ் எண்ணுக்குச் சுழியமே கூடாது என்று சொல்லவில்லை. 1825-இல் அச்சான ‘கணித தீபிகை’ தமிழ் எண்களுக்குள் சுழியத்தையும் இடமதிப்பையும் கொண்டுவந்தது. பிறகு இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் புழங்கின. கணினியில்தான் சுழியம் தாமதமாக வந்தது. ௧ முதல் ௯ வரையும் ௰, ௱, ௲-வும் ஒருங்குறியில் (யூனிகோட்) தொடக்கத்திலேயே இடம்பிடித்துவிட்டன. ௦ சேர்ந்தது 2005-இல். நடுவில் இருந்த வருஷங்களில் ‘சுழியம் எங்கே’ என்று தேடியவர் கண்ணில் பட்டது ௰ என்றால் ஆச்சரியமில்லை. ஆனால் இப்போது அந்தச் சாக்கு இல்லை.

௰௨, ௨௰

முன்னது பன்னிரண்டு. பின்னது இருபது.

ஆயிரத்துக்கு மேலே போனதும் குழம்புவது

மேலே சொன்ன விதி இங்கேயும் அதேதான், ஆனால் குறிக்கு முன்னால் குறியே வந்து நின்றால் பலர் கூட்டிவிடுகிறார்கள். ௰௲ என்பது பத்து ஆயிரம், அதாவது பதினாயிரம். ௲௰ என்பது ஆயிரத்துப் பத்து. ௱௲ லட்சம், ௲௱ ஆயிரத்து நூறு. பெரியது பின்னால் இருந்தால் பெருக்கல், சிறியது பின்னால் இருந்தால் கூட்டல். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘பத்தாயிரம்’ என்று தானே வரும்.

௵, ௴, ௳

எண்கள் அல்ல. வருடம், மாதம், நாள். ௸ என்றால் மேற்படி, ௹ என்றால் ரூபாய்.

காணியைக் காணியாகவே எடுத்துக்கொள்வது

முழு எண்ணில் தேறியவர்கள் அடுத்து விழும் குழி இது. தஞ்சைப் பக்கத்துப் பழைய நிலக்கணக்கில் மா, காணி, முந்திரி எல்லாம் பின்னங்கள். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நிலக்கணக்கில் இவை வேலி என்ற பெரிய நில அளவின் பங்குகள். ‘இருமா முக்காணி அரைக்காணி’ என்று ஒரு பத்திரம் சொன்னால், எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றி 32-உம் 12-உம் 2-உம் கூட்டினால், வேலியில் 320-இல் 46 பங்கு. வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். ஆக, ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

செங்கல்பட்டுப் பக்கம் காணி என்பது தனி நில அளவு, 1.32 ஏக்கர். அந்தப் பழக்கத்தில் இதைப் படிப்பவருக்கு முக்காணி மட்டுமே நாலு ஏக்கரைத் தொட்டுவிடும். உண்மையில் அது கால் ஏக்கர். பதினாறு மடங்கு வித்தியாசம். அதனால் எண்ணைப் படிக்கும் முன் பத்திரம் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று பார்த்துவிடுங்கள்.

பின்னக் குறிகளும் எழுத்து மாதிரியேதான் இருக்கும். காலுக்கு உரிய குறி ‘வ’ போல இருப்பதால், ௨-க்கு அடுத்து அது வந்தால் ‘உவ’ என்று படித்துவிட்டு, உவ என்று தொடங்கும் சொல்லை அகராதியில் தேடுகிறார்கள். அது இரண்டேகால். இந்தப் பின்னக் குறிகள் 2019-இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தன. உங்கள் போனில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், படித்த எண் தப்பு என்று அல்ல.

எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டுவது

க, உ, ங, ச, ரு என்று தட்டினால் கண்ணுக்கு எண் போலத் தெரியும். கணினிக்கு அது எழுத்துதான். ஒரு கட்டுப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து பட்டியல் போட்டவர், ஆண்டு வாரியாக வரிசைப்படுத்த முடியவில்லை என்று வந்தார். பாதி ஆண்டுகளை ௧-க்குப் பதில் க என்று அடித்திருந்தார். மறுபடி முதலிலிருந்து.

பசலியைக் கி.பி. என்று படிப்பது

எண்ணைச் சரியாகவே படித்திருப்பார்கள். ௲௩௱௭, ஆயிரத்து முந்நூற்று ஏழு. உடனே ‘எங்கள் வீட்டில் பாண்டியர் காலத்துப் பத்திரம் இருக்கிறது’ என்று அறிவிப்பு. அது விக்டோரியா மகாராணி தலை அச்சிட்ட முத்திரைத்தாளில் இருக்கிறது என்பது அவர்களுக்கு உறைப்பதே இல்லை. முன்னால் பசலி (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள்: 1897 ஜூலையில் தொடங்கி 1898 ஜூன் வரை. சக ஆண்டுக்கு 78 அல்லது 79. குமரி, நெல்லைப் பக்கத்துத் தாள் என்றால் கொல்லம் ஆண்டாக இருக்க வாய்ப்புண்டு. அதற்கு 824 அல்லது 825, மாதத்தைப் பொறுத்து.