கிராப்பிக்கும் புளூகில்லுக்கும் மெல்லிய தூண்டில்: நழுவு தக்கையைக் கோக்கும் முறை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத் தென்பகுதி ஏரிகளில் பனிப்பாளம் கரையும் ஏப்ரல் மாதத்திலிருந்து ஜூன் தொடக்கம் வரையிலான சில வாரங்கள்தாம், படகு இல்லாதவரும் கரையில் நின்றபடியே கிராப்பி, புளூகில் ஆகிய மீன்களை நிறைவாகப் பிடிக்கக்கூடிய காலம். வாணலியில் முழுதாக அடங்கும் அளவினவாதலால் இவற்றைப் பொதுவாகப் பேன்ஃபிஷ் என்கிறார்கள். இரண்டு வசந்தங்களைப் பெரும்பாலும் வெறுங்கையோடு கழித்த பிறகே நழுவு தக்கையைக் கோக்கும் இந்த முறை எனக்கு வசப்பட்டது. ரீலில் நரம்பு (தூண்டில் இழை) சுற்றுவது, முள்ளில் முடிச்சிடுவது போன்றவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. 16 வயது நிறைந்தவருக்கு உரிமம் வேண்டும் என்பதையும், பனியற்ற நீரில் ஒருவர் ஒரே தூண்டிலைத்தான் இடலாம் என்பதையும் மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

முதலில் கழியும் நரம்பும். ஆறடி நீளமுள்ள, நுனி நன்கு வளைந்து கொடுக்கும் அல்ட்ராலைட் கழி ஒன்றும், 1000 அளவு ஸ்பின்னிங் ரீலும் போதும். நரம்பு 4 பவுண்டு தாங்கும் சாதாரண மோனோவாக, அதாவது ஒற்றை இழை நரம்பாக, இருக்கட்டும். இழையாகப் பின்னிய பிரெய்டு நரம்பைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள், நான் மாட்டேன். அது சற்றும் நீண்டு கொடுப்பதில்லை. கிராப்பியின் வாயோரமோ காகிதம் போன்று மெல்லியது. இழுத்த வேகத்தில் கிழிந்து மீன் போய்விடும். மேலும், நாம் கட்டப்போகும் நிறுத்து முடிச்சு வழுக்கலான பிரெய்டின் மேல் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

செயற்கை இரையில் 1/32 அவுன்ஸ் ஜிக்கிலிருந்து, அதாவது தலையில் எடை வார்த்த முள்ளிலிருந்து, தொடங்குங்கள். அது ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைந்த எடை. மரபூ என்னும் மென்மையான இறகு கட்டிய ஜிக்கை நான் ரப்பர் வாலுள்ளவற்றைவிட மேலாகக் கருதுகிறேன். ஏனெனில் குளிர்ந்த நீரில் மீன் சோம்பிக் கிடக்கையில், ஜிக்கை அசைக்காமல் தொங்கவிட்டாலும் இறகு தானே மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும். புளூகில்லின் வாய் மிகச் சிறியது; அதற்கு 1/64 அவுன்ஸும் 10 எண் முள்ளும் பொருந்தும், முள்ளின் நுனியில் மெழுகுப்புழு ஒன்றைச் செருகினால் இன்னும் நல்லது. நிறத்தைப் பற்றிக் கடைகளில் சொல்லப்படுவதில் பாதியை விட்டுவிடலாம்: கலங்கிய நீருக்குப் பச்சை கலந்த மஞ்சள், தெளிந்த நீருக்கு வெள்ளை அல்லது கறுப்பு.

இனி நழுவு தக்கை. நரம்பு தன்னூடே தடையின்றி ஓடும்படி துளையுள்ள தக்கை இது. நரம்பின் மேல் கட்டும் நிறுத்து முடிச்சு எங்கே நிற்கிறதோ, அதுவே ஜிக் இறங்கும் ஆழம். கோக்கும் வரிசை தவறக்கூடாது: முதலில் நரம்பின் மேல் நூலால் கட்டும் நிறுத்து முடிச்சு, அடுத்துச் சிறு மணி, அதன் பிறகு தக்கை, கடைசியில் ஜிக். மணியை விட்டுவிட்டால் முடிச்சு தக்கையின் துளைக்குள்ளேயே புகுந்து ஓடிவிடும். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். அதன் இரு வால்களையும் ஒட்ட நறுக்காமல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவே விடுங்கள். நீண்ட வால் கழியின் வளையங்களில் மடிந்து வழுக்கிச் செல்லும்; குட்டையான வால் விறைத்து நின்று ஒவ்வொரு வளையத்திலும் இடிக்கும்.

என்னை ஒரு பருவம் முழுதும் ஏமாற்றிய இடம் இதுதான். நான்கடி ஆழத்துக்கு முடிச்சை வைத்து எறிந்தேன். தக்கை நிமிராமல் நீர்மேல் படுத்தே கிடந்தது. ஜிக் தரையைத் தொட்டுவிட்டதனால்தான் தக்கை படுத்திருக்கிறது என்று எண்ணி, முடிச்சை மூன்றடிக்கும் பிறகு இரண்டடிக்கும் இறக்கினேன். அப்போதும் அது படுத்தே கிடந்தது. உண்மையில் ஜிக் தரையை எட்டவேயில்லை. ஒரு கிராம்கூட இல்லாத ஜிக்கால் தக்கையின் துளை வழியே நரம்பை இழுத்துக்கொண்டு இறங்க முடியவில்லை. அது தக்கைக்கு அரையடி கீழேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஜிக்குக்கு ஓரடி மேலே, நரம்பில் கடித்து நிற்கும் பிளவுள்ள சிறு குண்டு ஒன்றைப் பொருத்தியதும் சிக்கல் தீர்ந்தது. அக்குண்டு ஈயமாக இல்லாமல் வெள்ளீயமாக இருப்பதே நல்லது; அறுந்து விழுந்த ஈயத்தை விழுங்கி, இம்மாநிலத்தின் பறவையான லூன் நஞ்சேறிச் சாகிறது.

எனவே எறிவதற்கு முன் படகுத்துறையின் ஓரத்தில் கண்ணெதிரே ஒருமுறை இறக்கிப் பாருங்கள். நரம்பு சரசரவென்று ஓடி முடிச்சு மணியில் வந்து நின்றதும், தக்கை நிமிர்ந்து நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். முக்கால் பங்கு வெளியே நின்றால் தக்கை பெரிது. மீன் தொட்டாலும் அசையாது.

எறியும்போது சாட்டை வீசுவதுபோல் வீசாமல் பக்கவாட்டில் மெதுவாக ஊசலாட்டி விடுங்கள். தக்கை நீரைத் தொடும் கணத்துக்கு முன் விரலால் நரம்பைச் சற்றே தடுத்தால், ஜிக் தக்கையைத் தாண்டி விழும், சிக்கிக்கொள்ளாது. விழுந்த உடனே ரீலை மூடி நரம்பை இறுக்கிவிடாதீர்கள். ஜிக் இறங்கி முடியும்வரை நரம்பு தளர்வாக இருக்கட்டும்.

எங்கே எறிவது? பனி கரைந்த முதல் வாரங்களில் வடகரையின் ஆழமற்ற, கருஞ்சேறு படிந்த விரிகுடாக்களே முதலில் வெயிலேறிச் சூடாகும். விடியற்காலையில் போர்வையை உதறிவிட்டு ஓட வேண்டியதில்லை. பிற்பகல் மூன்று மணிதான் நல்ல வேளை. நீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது கிராப்பி முட்டையிடக் கரையோர நாணலுக்கு வரும். புளூகில் 70 டிகிரியை ஒட்டியே கூடு அமைக்கும். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீனாதலால், ஜிக் அதன் தலைக்கு மேலே நிற்க வேண்டும். கீழே போய்விட்டால் அது கவனிப்பதில்லை. ஆழத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, அரையடி அரையடியாகக் கூட்டுங்கள்.

தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று இழுக்காமல் கழியை நிதானமாக உயர்த்துங்கள். முள் தானே ஏறும். மீனைக் கழற்றிய பின், ஜிக்கின் கண்ணில், அதாவது நரம்பு கட்டும் துளையில், முடிச்சு முன்னால் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் ஜிக் செங்குத்தாகத் தொங்கும். முடிச்சை மேல்பக்கம் தள்ளிக் கிடைமட்டமாக நிற்கச் செய்வது ஐந்து விநாடி வேலை. சோம்பலால் அதை விட்டுவிட்டு மீன் இல்லை என்று நொந்துகொண்டவர்களுள் நானும் ஒருவன்.

மாநிலப் பொது விதிப்படி ஒரு நாளுக்குக் கிராப்பி 10, புளூகில் உள்ளிட்ட சன்ஃபிஷ் வகை 20. ஆனால் சில ஏரிகளில் சன்ஃபிஷ் 5 அல்லது 10 மட்டுமே என்பதால் அந்த ஏரிக்கான விதியைப் படித்துவிட்டே இறங்குங்கள். கூட்டைக் காப்பவை பெரிய ஆண் புளூகில்கள். அவற்றையே தேடித் தேடி எடுத்துவிட்டால், எஞ்சும் ஆண்கள் வளர்வதற்கு முன்பே, சிறு உடலோடு இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகின்றன. ஏரி நிறையக் குட்டை மீனாகிறது. நான் கூட்டின் மேல் பிடித்த பெரியதை நீரிலேயே விட்டுவிட்டு, நடுத்தர அளவுள்ளவற்றை மட்டும் எடுக்கிறேன்.

பின்சேர்க்கை: குண்டு பொருத்திய பிறகும், நிமிர்ந்து நின்ற தக்கை திடீரென்று படுத்துவிடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். முதலில் நிமிர்ந்து நின்று பிறகு படுத்தால் அது கோளாறு அன்று. கிராப்பி கீழிருந்து வந்து ஜிக்கைக் கவ்வியபடி மேலே எழும்போது எடை விலகித் தக்கை சாய்கிறது. அமிழட்டும் என்று காத்திராமல், நரம்பின் தளர்வைச் சுற்றியெடுத்துக்கொண்டு அப்போதே கழியை உயர்த்த வேண்டும்.