ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல்முறை போகிறவருக்கு

ஏ.ஏ. என்பது குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. என் முதல் கூட்டத்துக்கு நான் மூன்று முறை கிளம்பினேன். முதல்முறை இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்காமல், அதே 29சி பஸ்ஸில் பெசன்ட் நகர் வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை கேட் வரை போனேன். உள்ளே தெரிந்த முகம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கால் நகரவில்லை. மூன்றாம் முறை வாசலிலேயே ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். முந்தின நாள் போனில் பேசியவர். அவர் நின்றதால்தான் உள்ளே போனேன். அதனால் கீழே சொல்வதில் இரண்டாம் படியை விட்டுவிடாதீர்கள்.

படி 1: முதலில் டாக்டர்

தினமும் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர், இதைத் தாண்டிப் போகக்கூடாது. பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, குழப்பமாகப் பேசுவது என்று போனால் உயிருக்கே ஆபத்து. அப்போது யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கூட்டம் மருத்துவம் அல்ல. இரண்டும் வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய நிறுவனம் அது. எங்கே போவதென்று புரியவில்லையா? போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழிலேயே பேசலாம்.

படி 2: போன் செய்யுங்கள்

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், குடியிலிருந்து மீள ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டதில் பிறந்தது. கூகுளில் 'ஏ.ஏ. சென்னை' என்று தேடினால் உதவி எண் கிடைக்கும். எடுப்பவரும் ஒரு காலத்தில் குடித்து விழுந்து எழுந்தவராகவே இருப்பார். பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தால் சொல்ல வேண்டாம். இவற்றை மட்டும் கேளுங்கள்: என் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? தமிழிலா, ஆங்கிலத்திலா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். கடைசியாக, "வாசல்ல யாராவது நிப்பீங்களா அண்ணா?" என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

மாலைக் கூட்டமாகப் பார்ப்பது நல்லது. வேலை முடிந்து வரும்போது கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்பும் நேரம் அது. அந்த நேரத்துக்கு உட்கார ஓர் இடம் வேண்டும்.

படி 3: உள்ளே

பல கூட்டங்கள் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ நடக்கும். அதைப் பார்த்து மதம் மாற்றுவார்களோ என்று பயப்பட வேண்டாம். இடம் மட்டும்தான் அவர்களுடையது. 'கடவுள்' என்ற சொல் கூட்டத்தில் வரும். அவரவர் புரிந்துகொண்டபடி என்றுதான் சொல்வார்கள். என் கூட்டத்தில் விபூதி பூசியவரும், தொழுகை முடித்து வருபவரும், சாமியே இல்லை என்பவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்வார்கள்.

பின்வரிசையில் உட்காருங்கள். ஒவ்வொருவராக எழுந்து, பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி தன் கதையைப் பேசுவார்கள். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், அறிவுரையும் சொல்லமாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேக்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். கட்டணம் இல்லை, கையெழுத்து இல்லை. ஒரு பை சுற்றி வரும். புதியவர் காசு போட வேண்டியதில்லை. அங்கே கேட்டதையும் பார்த்த முகத்தையும் வெளியே கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. தெரிந்த முகம் இருந்தால்? அவரும் அதற்காகத்தான் வந்திருக்கிறார். எனக்கு அது புரிய இரண்டு பயணம் வீணானது.

படி 4: கூட்டம் முடிந்த பிறகு

உடனே ஓடிவிடாதீர்கள். டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று பேரின் நம்பரை வாங்குங்கள். இரவு பதினோரு மணிக்கு மனசு அலைபாயும்போது கூப்பிட ஆள் வேண்டும். ஒரு கூட்டம் ஒட்டவில்லையென்றால் வேறு ஏரியாவில் இன்னொன்றைப் பாருங்கள். குறைந்தது ஆறு கூட்டமாவது போன பிறகு முடிவெடுங்கள். பழகியதும் உங்களுக்குப் பிடித்த மூத்த உறுப்பினர் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டுகிறவராக, இருக்கச் சொல்லிக் கேட்கலாம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளை அவரோடு சேர்ந்து செய்வீர்கள்.

இதைப் படிப்பவர் மனைவியோ அம்மாவோ என்றால், உங்களுக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு. குடிக்கிறவர் ஏ.ஏ.-க்கு வரச் சம்மதிக்கும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

நடுவில் குடித்துவிட்டால்? நான் நான்காம் மாதத்தில் குடித்தேன். இரண்டு வாரம் வெட்கத்தில் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அந்த இரண்டு வாரமும் குடித்துக்கொண்டேதான் இருந்தேன். திரும்பிப் போன அன்று பின்வரிசையில் ஒரு பெரியவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காரு தம்பி, டீ வருது" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.