ஏலத்தில் எடுத்த தலைச்சிலை யாருடையது?

வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த வெண்கலத் தலை அது. முதலில் ஒண்டு: பிராசோ போட்டுத் தேய்க்காதேங்கோ, கறுப்போடு தடயமும் போயிடும். இரவில் லைட்டை அணைச்சு, டோர்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுத் தோளின் பின்விளிம்பையும் அடிப்பக்கத்தையும் பாருங்கோ. சிற்பியின் கையெழுத்தோ வார்ப்புப் பட்டறை முத்திரையோ இருந்தால் பெரும்பாலும் அங்கேதான். எழுத்து மங்கலெண்டால் மெல்லிய தாளை வைச்சுப் பென்சிலால் மெதுவாய் உரசுங்கோ. எனக்கு அப்படித்தான் 1931 எண்டு தெளிஞ்சது; கை நடுங்கிட்டுது.

காந்தம் ஒட்டினால் வெண்கலமில்லை.

ஏலத் துண்டைப் பத்திரப்படுத்துங்கோ. எந்த வீட்டுச் சாமான் எண்டு ஏலக்காரரிடம் கேளுங்கோ. பிறகு கொழும்பு 7, தேசிய சுவடிகள் கூடத்தில் அந்த ஆண்டுப் பழைய பேப்பர்களைப் புரட்டுங்கோ. படத்தோடு ஒப்பிடும்போது மீசையை நம்பாதேங்கோ, காது மடலைப் பாருங்கோ. நான் இப்ப ஜூலை மாதப் பேப்பரில் நிற்கிறன்.