வேல்ஸ் குருமார் வரலாறு: பழைய பதிவேடு படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினேழாம் நூற்றாண்டு வேல்ஸின் சேகரப் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி) பதிவேடுகளைப் புதிதாகப் புரட்டுபவர்கள் எல்லாரும் ஒரே நாலைந்து இடங்களில்தான் வழுக்குகிறார்கள். கையெழுத்தைத் தப்பாகப் படிப்பதை இங்கே விட்டுவிடுகிறேன். பழகப் பழக அது சரியாகிவிடும்.

ஆண்டை ஜனவரியில் தொடங்காதீர்கள்

அன்று வேல்ஸிலும் இங்கிலாந்திலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரி 1 ஆண்டுப் பிறப்பானது 1752-இல்தான். ஆகவே பதிவேட்டில் ‘1640 பிப்ரவரி’ என்றிருந்தால் நம் கணக்கில் அது 1641.

ஒருவர் ஒரு குருவானவரின் குடும்ப விவரத்தை எனக்கு அனுப்பியிருந்தார். திருமணம் 1640 ஏப்ரல். தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1640 பிப்ரவரி. ‘கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை’ என்று முடிவுகட்டி, அவருடைய ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதிவிட்டார். அந்த ஞானஸ்நானம் நடந்ததோ திருமணமாகிப் பத்து மாதம் கழித்து! மறுத்துப் பேச வழியில்லாத மனிதர்மேல் இப்படிப் பழி விழுவதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாட்டு வரலாறும் இதே தவறால் கோணலாகிறது. வேல்ஸில் நற்செய்தியைப் பரப்புவதற்கான சட்டத்தின் பழைய தேதி 1649 பிப்ரவரி 22. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், முதலாம் சார்லஸ் மன்னரைச் சிரச்சேதம் செய்த மூன்றே வாரத்தில் சட்டம் வந்ததாகத் தோன்றும். உண்மையில் அது 1650. இடையில் ஓராண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதி எதுவானாலும் 1640/41 என்பதுபோல் இரட்டையாகக் குறியுங்கள்.

‘பதவி பறிபோனது’ என்றால் எப்போது?

மேலே சொன்ன 1650 சட்டத்தால் 270-க்கும் மேற்பட்ட குருமார் பதவி இழந்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூலான பொது ஜெப புத்தகத்தை விடாதது, பிரசங்கிக்கத் தெரியாதது, பல சேகரங்களைக் கையில் வைத்திருந்தது, குடி என்று குற்றச்சாட்டுகள் பல. 1660-62-இல் மன்னராட்சி திரும்பியபின் வெளியே போனவர்கள் எதிரணியினர்: திருச்சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்ற பியூரிட்டன்கள். ஆண்டு சொல்லாவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

பெயர் ஒன்றென்றால் ஆள் ஒன்றல்ல

ஜான் டேவிஸ்கள் ஏராளம். ஊர்ப்பெயரில்லாமல் எழுதாதீர்கள்.

1653-க்குப் பின் திருமணங்கள்

அந்த ஆண்டுச் சட்டம் திருமணங்களைக் குருமாரிடமிருந்து எடுத்து நீதிபதிகளிடம் ஒப்படைத்துவிட்டது. குருவானவர் நடத்தி வைக்கவில்லை என்பதால் அது திருமணமே அல்ல என்று எழுதிவிடாதீர்கள்.

எல்லாரையும் இரண்டு அணியாகப் பிரிக்காதீர்கள்

லாந்தவரியின் குருவானவர் ரீஸ் பிரிச்சர்ட் கடைசிவரை இங்கிலாந்தின் அரசத் திருச்சபைக்காரர். பாமரர் மனதில் நிற்கும்படி எளிய வேல்ஷ் பாட்டுகளில் வேதத்தைச் சொன்னார். 1644-இல் அவர் இறந்தபின் அந்தப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து அச்சேற்றியவர் ஸ்டீபன் ஹியூஸ். பியூரிட்டன் என்பதால் மெய்த்ரிம் சேகரத்தை இழந்தவர் அவர்.