மலிவு டின் நுரையைக் குறை சொல்வதற்கு முன்

சித்தப்பாவின் மகன் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடுதான் தங்கியிருக்கிறான். வந்த இரண்டாவது கிழமையே கழுத்தைத் தடவிக்கொண்டு, "அண்ணா, இந்த மலிவு சேவிங் நுரை டின் எனக்குச் சரிவராது, எரியுது" என்றான். தொண்டைக்கு இரண்டு பக்கமும் செவ்வெறும்பு கடித்தது போலச் சின்னச் சின்னதாகத் தடித்திருந்தது. அடுத்த நாள் காலையில் கதவைத் திறந்து வைத்துச் சேவ் எடு, பார்ப்போம் என்றேன். படுக்கையிலிருந்து எழும்பி நேரே வந்தான், காய்ந்த முகத்தில் கை நிறைய நுரையை அப்பினான், அடுத்த நொடியே ரேசரைக் கழுத்தில் வைத்துக் கீழிருந்து மேலே இழுத்தான். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

டின்னில் ஒரு பிழையும் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 தாண்டிப் போனபோது, நல்ல பெயருள்ள கிறீமை விட்டுக் கடையின் கீழ்த்தட்டில் இருக்கும் டின்னுக்கு இறங்கியவர்கள் நிறையப் பேர், நானும் அப்படித்தான். அன்றிலிருந்து அதையேதான் பாவிக்கிறேன், முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நுரை என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு பாவிக்க வேண்டும்.

முடியை மெதுவாக்குவது நுரை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, தண்ணீர்தான். காய்ந்த தாடி மயிர் கம்பி மாதிரி, அதுவே இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீரை உறிஞ்சினால் ஊதி மெதுவாகிவிடும், பிளேட்டுக்கு வேலை நன்றாகக் குறைந்துவிடும். டின்னுக்குள் இருப்பதும் பெரும்பாலும் தண்ணீர்தான், அதோடு ஸ்டியரிக் அமிலத்தில் செய்த சவர்க்காரமும் கொஞ்சம் கிளிசரினும் வாசனையும். வெளியே வரும்போது உள்ளே இருக்கும் காஸ் அதை ஊதிப் பெருப்பிக்கிறது, ஆகவே கையில் மலைபோல நிற்பதில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் காஸ். முகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தைக் காயவிடாமல் பிடித்து வைப்பதும், பிளேட் வழுக்கிப் போக இடம் கொடுப்பதும்தான் அதன் வேலை. காய்ந்த முகத்தில் அப்பினால் எதைப் பிடித்து வைக்கும்?

அதனால் குளித்துவிட்டுச் சேவ் எடுங்கள். குளிக்க நேரமில்லையென்றால் துவாயின் ஒரு முனையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து, தாடையிலும் கழுத்திலும் இரண்டு நிமிஷம் போர்த்தி வையுங்கள். பிறகு முகத்தைத் துடைக்கக் கூடாது. தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் நுரை பூச வேண்டும்.

அளவு ஒரு தேசிக்காய் அளவு போதும். கூடப் பூசினால் கூடப் பாதுகாப்பு என்பது சரியில்லை, தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படைதான் வேலை செய்கிறது, மேலே நிற்பது பிளேட்டுகளுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும். ஆனால் பூசும் விதத்தில் கவனம் வேண்டும், மேலோட்டமாகத் தடவாமல் விரல் நுனியால் மயிருக்கு எதிர்ப்பக்கமாக வட்டமாகத் தேய்த்து அடிவரை போக விடுங்கள். டின்னை முதலில் நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் காஸ் ஒரு பக்கமும் சவர்க்காரத் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, வருவது தண்ணியாகத்தான் வரும். நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய டின்னைத் தலைகீழாகப் பிடித்தால் காஸ் மட்டும் வெளியேறும், பிறகு கடைசிப் பங்கு நுரை உள்ளேயே கிடந்து போகும். டின் சீக்கிரம் முடிகிறது என்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கொழும்பு வெக்கைக்கு ஃபேனைப் போட்டுக்கொண்டு அறைக் கண்ணாடி முன் நின்று சேவ் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மலிவு நுரை சீக்கிரம் உடைந்து காய்ந்துவிடும், ஃபேன் காற்றில் இன்னும் சீக்கிரம். ஒரு கன்னம் முடிவதற்குள் மற்றக் கன்னத்தில் வெள்ளைப் பொடி மாதிரி ஆகிவிட்டால் அதற்கு மேல் பிளேட்டை ஓட்டாதீர்கள், ஈரக் கையால் தடவுங்கள், திரும்ப உயிர் வரும்.

இனிக் கழுத்து. இதைத்தான் நான் மிக முக்கியமாகச் சொல்ல வந்தேன், ஏனென்றால் நம் ஆட்களில் நிறையப் பேருக்குத் தாடி மயிர் சுருள், அதுவும் கழுத்தில் ஒரே பக்கமாக முளைப்பதில்லை. இரண்டு நாள் சேவ் எடுக்காமல் விட்டு விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும் பக்கம்தான் மயிர் படுத்திருக்கும் பக்கம். என் தம்பிக்கு இடது பக்கம் கீழ்நோக்கியும் வலது பக்கம் காதுப் பக்கம் சரிந்தும் இருந்தது, அவனுக்கே தெரியவில்லை. மயிருக்கு எதிராக இழுத்து, அழுத்தி, ஒரே இடத்தில் நாலு தரம் ஓட்டினால் மயிர் தோல் மட்டத்துக்குக் கீழே கூராக வெட்டுப்படும், சுருள் மயிர் வளரும்போது வளைந்து தோலையே குத்தும், அந்த இடம்தான் சிவந்து தடிக்கிறது. எந்த விலை கிறீம் பூசினாலும் இது நிற்காது. படுத்திருக்கும் பக்கமாக, அழுத்தாமல், பிளேட்டின் பாரத்திலேயே ஓட்டுங்கள், பிளேட் மயிரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். டின்னில் மிச்சம் பிடித்த காசைப் பிளேட்டில் போடலாம். ஏற்கெனவே தடித்துச் சீழ் வைத்திருந்தால் கொஞ்ச நாள் சேவ் எடுப்பதையே விட்டுவிட்டுத் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முடிந்ததும் காதடியிலும் தாடைக்குக் கீழும் நுரை ஒட்டியிருக்க விடாதீர்கள். சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, நம் தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது, ஒட்டிக் கிடந்தால் எரியும். நன்றாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத கிறீம் கொஞ்சம் போடுங்கள். காலை 7 மணிக்குச் சேவ் எடுத்துவிட்டு, காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு புறக்கோட்டை போனால் வியர்வை உப்பு அந்தப் புதுத்தோலில் படும், அந்த எரிவுக்கும் டின்தான் பழி சுமக்கிறது. இரவில் சேவ் எடுத்துப் பாருங்கள், விடியும்போது தோல் ஆறியிருக்கும்.

அப்புறம், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது அதே டின் அங்கே சரியாக நுரைக்கவில்லை, முகத்தில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டுகிறது என்பவர்களுக்கு: அது கிணற்றுத் தண்ணீர். இங்கே நமக்குப் பைப்பில் வருவது பெரும்பாலும் களனி ஆற்றுத் தண்ணீர், மென்மையானது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது, அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். கேத்தலில் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், அந்தத் தண்ணீரை ஆறவிட்டு இளஞ்சூட்டில் முகம் நனைக்கப் பாவியுங்கள்.

டின்னை வைக்கும் இடமும் ஒரு விஷயம். ஈரமான பேசின் விளிம்பில் வைத்தால் தகர டின்னின் அடி துருப்பிடித்து, வெள்ளை டைல்ஸில் வட்டமாகக் கறை பதியும், வாடகை வீட்டில் அது வீட்டுக்காரரோடு வழக்காகிவிடும். பிளாஸ்டிக் மூடி ஒன்றின் மேல் வையுங்கள். அதைவிடப் பெரிய விஷயம் உள்ளே இருக்கும் காஸ். 2021 கடைசியில் சமையல் காஸ் அடுப்புகள் வெடித்த நாட்களில் புரொப்பேன், பியூட்டேன் என்ற பெயர்கள் நமக்கெல்லாம் மனப்பாடமாகிவிட்டன, இந்த டின்களில் பெரும்பாலும் இருப்பதும் அதே வகை காஸ்தான், அளவுதான் சின்னது. 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக விடாதீர்கள் என்று டின்னிலேயே போட்டிருக்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். குசினி அடுப்புப் பக்கமும் வேண்டாம். முடிந்துபோன டின் என்று நினைத்துக் குப்பையோடு கொளுத்துவது, ஆணியால் குத்துவது இரண்டும் கூடாது, நுரை வராவிட்டாலும் உள்ளே காஸ் மிச்சம் இருக்கும்.